சாமி வராத வாய்

அக்காவிடம் எதையும் சும்மா கேட்டுவிட முடியாது. குழம்பு எப்படியிருக்கு என்று கேட்டால், வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பாள்.

"கேக்குறியா, சும்மா கேக்குறியா?"

சும்மாதான் என்று சொன்னால், "நல்லாயிருக்கு" என்பாள், சாப்பிடுவாள். கேட்கிறேன் என்று சொன்னால்தான் புளி கூடிப்போனது, கருவாட்டை ரெண்டாம் தண்ணியில் கழுவாமல் போட்டது எல்லாம் வெளியே வரும். அதையும் கத்திச் சொல்ல மாட்டாள். உள்ளதைச் சொல்கிறவர்கள் சத்தம் போடுவார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அவளுக்குத் தாழ்ந்த குரல். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பரா அவளுடையது, அதற்கு முந்தினது என்னுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் அழுதால் அவளுக்குக் கேட்கும். பேரைப் போட்டு எழுது என்றுதான் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் இன்னும் கை வரவில்லை.

ஒரு தீபாவளிக்கு நான் தனியாகப் பதுளைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு நீலச் சேலை எடுத்து வந்தேன். அதுவரை எனக்கு வேண்டியதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் எடுத்து வருவார். லயத்தில் எல்லாரும் தொட்டுப் பார்த்து நல்லாயிருக்கு என்றார்கள். நான் அக்காவிடம் போய், கேட்கிறேன் என்றே சொன்னேன். அவள் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாயில்ல. கடைக்காரன் பேச்சுல மயங்கி எடுத்திருக்க. இந்த நீலத்துல நீ இன்னும் கறுப்பாத்தான் தெரிவ." அவள் சேலையை மடித்து என் கையில் வைத்தாள். "ஆனா நீயா போயி, நீயா எடுத்த மொதச் சேல. அதனால கட்டிக்க."

அந்தச் சேலையைக் கிழியும் வரைக்கும் கட்டினேன். மற்றவர்கள் நல்லாயிருக்கு என்று சொன்னதில் ஒன்றும் என் மனதில் நிற்கவில்லை.

அவளிடம் ஆட்கள் வருவதும் உண்டு. பகலில் வாயாடி என்று ஏசுகிற அதே ஆட்கள், பொழுது சாய்ந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, "நான் கேக்குறேன்க்கா" என்று மெதுவாகச் சொல்வார்கள். மேல் லயத்தில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையனைப் பற்றி அக்கா என்ன நினைக்கிறாள் என்று கேட்க வந்தார்கள். பையன் தங்கமான பையன் என்றாள். ஆனால் உங்கள் பெண்ணுக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவளைக் கேட்டீர்களா என்று கேட்டாள். நாங்கள் மாப்பிள்ளையைத்தானே கேட்டோம் என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டு போனது. மூன்று மாதம் பேச்சில்லை. கல்யாணமும் நடக்கவில்லை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தை நாங்கள் பெரட்டுக்களம் என்போம். புதிதாக வந்த சின்னத்துரை ஒருநாள் அங்கே நின்று, பழகின கொஞ்சத் தமிழில், ஏதும் குறை இருக்கா என்று எங்களைக் கேட்டார். எந்தத் துரை வந்தாலும் முதல் வாரம் கேட்பார். ஒன்றுமில்லைங்க என்று எல்லாரும் சேர்ந்து சொல்வோம், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போவோம். அன்றைக்கு அக்கா நகரவில்லை.

"தொர, கேக்குறீங்களா, சும்மா கேக்குறீங்களா?"

சின்னத்துரைக்கு விளங்கவில்லை. கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை சிங்களத்தில், எல்லாம் நல்லது என்று சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தார். அக்காவுக்கும் சிங்களம் தெரியும் என்பதை மனுசன் மறந்துவிட்டார். அவள் தானே சிங்களத்தில் சொன்னாள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் கக்கூசுக்குக் கதவு இல்லை, ஆயம்மா சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று. சின்னத்துரை சிரித்துவிட்டார். பதினைந்து நாளில் கதவு வந்தது. கணக்கப்பிள்ளை அக்காவுக்கு மூன்று மாதம் உச்சி மலையில் கொழுந்து பறிக்கக் கொடுத்தார். ஏறி இறங்கவே முழங்கால் கழன்றுவிடும், அட்டை வேறு. ஒருநாள் காலில் இருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே என்னிடம், "கதவு வந்திச்சில்ல" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் பொம்பளைகளுக்கு வாய் திறக்க வருஷத்தில் ஒரு நாள் உண்டு. மாரியம்மன் திருவிழா. தப்பு மேளம் அடிக்கும்போது யார் மேலாவது சாமி வரும். ஆடுகிறவள் என்ன சொன்னாலும் அது ஆத்தா சொன்னது. புருஷன் அடிக்கிறான் என்றால், என் பிள்ளையை ஏன்டா அடிக்கிறாய் என்று ஆத்தா கேட்கும், அவனும் காலில் விழுவான். மறுநாள் அவள் பழையபடி அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பாள். யாரும் அவள் மேல் கோபப்பட முடியாது. சாமி சொன்னதற்கு ஆளைக் கோபிக்கலாமா? சில பேருக்கு உண்மையாகவே வரும். சில பேருக்கு வராது. அதை யாரும் கிண்டிக் கேட்பதில்லை.

அக்காவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. பூசாரி அவளிடம் ஒருநாள் நல்ல மனதோடுதான் சொன்னார். "ஏம்மா கண்ட நாளெல்லாம் பேசிப் பகைய வாங்குற? திருவிழாவுல ஆத்தா வந்த மாதிரி ரெண்டு ஆட்டம் ஆடிட்டு சொல்லிப்புடு. எவன் கேப்பான்?"

"நான் சொன்னா, அது நான் சொன்னதா இருக்கட்டும் பூசாரி" என்றாள். "ஆத்தாவுக்கு ஆயிரம் வேல. என் பகையையும் அவ சொமக்கணுமா?"

நான் பக்கத்தில் திருநீற்றுத் தட்டோடு நின்றேன்.

இனித் தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னால் பாதி பொய்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருஷம் லயத்துப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுக்கடுப்பும் நிற்கவே இல்லை. சில பிள்ளைகளுக்கு வாயோரம் வெந்துபோனது. மழைக்காலம் என்றார்கள், மாங்காய் என்றார்கள். ஒருநாள் விடியற்காலையில் நான் விறகுக்கு மேலே ஏறினேன். நாங்கள் குடம் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் வருகிற பெரிய தொட்டி, தாங்கி என்போம், அங்கேதான் இருக்கிறது. புல்லுக்கு மருந்து அடிக்கிற ஆட்கள் மூன்று பேர், தாங்கியின் மூடியைத் திறந்து வைத்து மருந்து கேனையும் பம்பையும் அதற்குள்ளேயே முக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓடை வரைக்கும் நடக்க அலுப்பு. மூன்று பேரில் ஒருவன் என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி. தொழிற்சங்கத் தலைவர் சொல்லி அப்போதுதான் அந்த வேலை கிடைத்திருந்தது.

நான் விறகை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"நீயே சொல்றியா?"

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்று அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டினேன், முடியாது என்று.

"அப்ப நான் பேச்ச எடுக்குறேன். யாரு பாத்ததுன்னு கேட்டா நீ ஆமான்னு ஒரு சொல்லு சொன்னா போதும். சொல்லுவியா?"

சொல்றேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம். திருவிழா வரியைப் பற்றிப் பேசி முடித்ததும் அக்கா எழும்பிச் சொன்னாள். தாங்கியில் மருந்து கேன் கழுவுகிறார்கள், பிள்ளைகளுக்கு அதனால்தான் வருகிறது என்று. யார் பேரையும் சொல்லவில்லை. தலைவர் முகம் மாறிவிட்டது. அந்த மூன்று பேருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்.

"நீ பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கேட்டவர்கள் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த வாயில் அது வராதே.

"நான் பாக்கல தலைவரே."

"பின்ன?"

"பாத்தவ இருக்கா. அவ சொல்லட்டும்."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் தப்பித்துக்கொள்ள இடம் விட்டு, எங்கேயோ வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் காம்பராக்காரி நான்தானே. தலைவர் என்னைக் கேட்டார். "இந்தா புள்ள, நீ ஏதும் பாத்தியா?" என் வீட்டுக்காரர் இருந்தார். கொழுந்தன் இருந்தான். அவனுடைய கைப்பிள்ளை என் மடியில் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

என் சத்தம் எனக்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் கூட்டத்தில் நான் பேசினதே இல்லை. முதன்முதலாகப் பேசினது அது.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் பொய்க்காரி என்று பேர். தோட்டத்து ஆட்களின் சோற்றில் மண் போடப் பார்த்தாள் என்றார்கள். பீலியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். மலையில் அவளோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்க ஆள் இல்லை. ராத்திரியில் முக்காடு போட்டு வருகிறவர்களும் நின்று போனார்கள்.

அடுத்த மாதம் அவள் மகள் பெரியவளானாள். சடங்கு வைத்தார்கள். பந்தல் போட்டு, பாட்டுப் பெட்டி கட்டி, பெரிய சட்டியில் சோறு வடித்தார்கள். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் யாரோ அதை நிறுத்தினார்கள். அப்புறம் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளே நாய்களுக்குப் போட்டாள் என்று பிறகு தெரிந்தது.

திருவிழா வந்தது. என் மகனுக்கும் வாந்தி தொடங்கியிருந்தது. கரகம் எடுத்து வரும்போது தப்புச் சத்தத்தில் எனக்குக் கை நடுங்கியது. பயத்தில் நடுங்கினதுதான். பக்கத்தில் நின்றவள், ஆத்தா வர்றா என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ கதவு திறந்த மாதிரி இருந்தது. முடியை அவிழ்த்துவிட்டு ஆடினேன். என் தண்ணியில விஷத்தக் கலக்குறீங்களே, என் பிள்ளைகளக் கொல்லுறீங்களே என்று கத்தினேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்துதான் சொன்னேன். எதைச் சொல்ல வேண்டும், யார் பேரைச் சொல்லக் கூடாது என்றுகூட யோசித்துத்தான் சொன்னேன். என் மேல் சாமி வரவில்லை. இதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மூன்று நாளில் தாங்கியை இறைத்துக் கழுவி, வேலி அடித்து, மூடிக்குப் பூட்டும் போட்டார்கள். கொழுந்தன் வேலை போகவில்லை. பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஆத்தா காப்பாத்திட்டா என்றது தோட்டம். அக்கா சொன்னதும் இதுதானே என்று ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. பொய்க்காரி பொய்க்காரியாகவே இருந்தாள்.

அவள் என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தண்ணி நல்லாயிருச்சு. சந்தோசம்" என்றாள். "நீ ஆடினத நான் தப்புன்னு சொல்லல. ஒனக்கு வேற வழி தெரியல. ஆனா ஒண்ணு செய்யி. ஆட்டம் பாட்டம் ஒண்ணும் வேணாம். பீலிக்கரையில நாலு பேரு நிக்கிறப்ப, சும்மா பேசுற மாதிரி சொல்லு. அவ பொய் சொல்லல, நான்தான் பாத்தேன்னு. ஒரே ஒரு தடவ. நீயா சொல்லு."

"சொல்றேன்க்கா" என்றேன்.

இரண்டாவது தடவை அந்த வார்த்தையைக் கொடுத்தேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று போனது. ஒரு நாள் குடத்தோடு போய் நின்று வாயையும் திறந்தேன். அங்கே நின்றவள் சட்டென்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், அவள் பிள்ளைக்குச் சுகமானதற்கு. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நான்தான் பார்த்தேன் என்றால் அன்றைக்கு ஆடினது யார் என்று கேட்பார்கள். ஆத்தாவை வைத்து ஏமாற்றினாள் என்பார்கள். அடுத்த திருவிழாவில் என்னை முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷமும். வேறு தோட்டங்களிலிருந்தும் வாக்குக் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாலு பேர் முன்னால் பேச முடியாத என்னை நானூறு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

அக்கா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்திருப்பாள். ஒருநாள் பலாக்காய்க் கறி கொண்டுபோய்க் கொடுத்து எப்படிக்கா என்று கேட்டேன். வாயில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாயிருக்கு" என்றாள்.

கேட்கிறேன்க்கா, சும்மா இல்லை, கேட்கிறேன் என்றேன். "நல்லாயிருக்கு தங்கச்சி" என்றாள் மறுபடியும். அன்றிலிருந்து அவள் சாகிற வரைக்கும் நான் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். மகன் கட்டின வீடு எப்படி, நல்லாயிருக்கு. மருமகள் எப்படி, நல்லாயிருக்கு. மற்றவர்களிடம் பழையபடி உள்ளதைச் சொல்வாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களும் திரும்பி வந்தார்கள். சுவர் வழியாக அவள் மற்றவர்களுக்குச் சொல்கிற தாழ்ந்த குரல் கேட்கும், சொல் கேட்காது. காதைச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு மட்டும் அவளிடம் ஒரு பொய்தான் கிடைத்தது. கேட்கிறேன் என்று வந்தவர்களிடம் அவள் வாழ்நாளில் சொன்ன பொய் எல்லாம் எனக்குச் சொன்னதுதான்.

போன மார்கழியில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்திருந்தது. நான் மெலிந்துவிட்டேனா என்று பைத்தியம் மாதிரிக் கேட்டேன். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று மகள் குனிந்து கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கீங்களாம் சித்தி" என்றாள். ரெண்டாம் நாள் முடிந்துபோனாள்.

பெட்டியை லயத்து முற்றத்தில் வைத்திருந்தார்கள். தோட்டமே வந்திருந்தது, சடங்குக்கு வராதவர்களும். தலைவர் கிழவராகிவிட்டார், கைத்தடியோடு நாற்காலியில் இருந்தார். ரெண்டு பொம்பளைகள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுசிதான், என்ன, அந்தத் தண்ணி விசயத்துல ஒரு பொய் சொல்லிட்டா, அது ஒண்ணுதான் என்று ஒருத்தி சொன்னாள். கொழும்பிலிருந்து வந்த மகள் அதைக் கேட்டுக்கொண்டு தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழும்பி நின்றேன். சாமியில்லை, ஆட்டமில்லை, நானாகச் சொல்லிவிட வேண்டும். பெட்டியை மூடினால் முடிந்தது. கால் நடுங்கியது. கை நடுங்கியது. பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ பொய் சொல்லல" என்றேன். "நான்தான் பாத்தேன். நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அழுகை நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு மூச்சு நேரம், கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஆத்தா வந்துட்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"செத்த வீட்டுல எப்புடிடி வரும்? தீட்டு."

"ஆத்தாவுக்கு ஏது தீட்டு? அந்தப் புண்ணியவதிக்காக எறங்கி வந்திருக்கா."

இல்லை, நான், நான்தான் என்றேன். நடுக்கம் கூடியது. யாரோ வேப்பங்குலையை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்தான். தலைவர் தடியைக் கீழே போட்டுவிட்டு, ரெண்டு பேர் தாங்க, என் காலடியில் விழுந்தார். "தாயே, தெரியாம அவளப் பொய்க்காரின்னுட்டோம். மன்னிச்சிரு தாயே." எழும்புங்க தலைவரே என்று அவர் தோளைப் பிடித்தேன். ஆத்தா தொட்டுவிட்டாள் என்று அவர் அழுதார்.

மகள் மட்டும் கும்பிடவில்லை. எழும்பி என் கிட்டே வந்தாள். தாயின் கண் அவளுக்கு.

"சித்தி, நீங்களா பேசுறீங்க?"

"நான்தான்டி. சாமி இல்ல. நான்தான் பேசுறேன். நான்தான் பாத்தேன்."

பக்கத்தில் நின்ற கிழவி என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பிவிட்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுத்துப் பேசாத புள்ள" என்றாள். "ஆத்தா இன்னும் மலையேறல."

மகள் என் முகத்தையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்தாள். பிறகு மெதுவாக ரெண்டு கையையும் கூப்பினாள்.